பினாங்குக்காரன் கொள்ளில் விழுந்த கதை

எங்கள் தெருவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிப்பதென்றால் சீமைக்குப் போனார்கள். என்னை என் அத்தா மதுரைக்கு அனுப்பினார். நான் பினாங்கில் பிறந்து பினாங்கிலேயே வளர்ந்தவன். மதுரை எனக்கு உம்மாவின் பேச்சில் அடிக்கடி வந்துபோகும் ஓர் ஊர், அவ்வளவுதான். அங்கே மாமு இருக்கிறார், கல்லூரி இருக்கிறது, தமிழ் இருக்கிறது. சீமையில் இந்த மூன்றும் இல்லை என்பது அத்தாவின் வாதம்.

கப்பலில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ரயிலில் தூங்கி, ஒரு காலை நேரத்தில் மதுரையில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து சிம்மக்கல்லில் இருந்த மாமு வீட்டுக்கு ஜட்கா பிடித்தேன். பாதி வழியில் ஒரு புல்லுக் கடை எதிரே குதிரை தானாக நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையைத் தொடவே இல்லை.

"அது இங்கன நிக்கும் தம்பி. கடைக்காரரு அதுக்குப் பழக்கம்," என்றார்.

குதிரை தின்று முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தோம். பினாங்கில் ரிக்‌ஷாக்காரர் நடுவில் நின்றால் சண்டை வரும். இங்கே குதிரைக்கே அந்தச் சலுகை இருந்தது.

முதல் வாரம் முழுவதும் புழுதியோடும் சாப்பாட்டோடும் போயிற்று. எங்கள் ஊரில் மழை பெய்யாத வாரம் அபூர்வம். மாமு வீட்டில் மழையைப் பற்றி, வெளியூர் போன உறவினரைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றுகிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. காப்பியில்தான் ஏமாற்றம். பினாங்கில் கோப்பி கறுப்பாக, கசப்பாக, கிளாஸின் அடியில் மண்டியோடு வரும். இங்கே பாலையும் சர்க்கரையையும் ஊற்றி அதைக் குழந்தைகளுக்கானதாக்கி வைத்திருந்தார்கள்.

மாலையில் மாமுவின் கடைக்கு வருபவர்கள் பினாங்கைப் பற்றிக் கேட்பார்கள். அண்ணனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அதில் தீவைச் சுற்றி வந்திருக்கிறேன் என்று சொன்னேன். உண்மைதான். அண்ணன் கடைச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அது; பின்னால் முட்டைப் பெட்டி கட்டியிருந்தால் எந்த வேகத்தில் போக முடியுமோ அந்த வேகத்தில்தான் போனேன். ஆனால் மூன்றாம் முறை சொல்லும்போது முட்டைகள் காணாமல் போயிருந்தன. ஐந்தாம் முறை சொன்னபோது கடற்கரை ரோட்டில் ஒரு வெள்ளைக்காரனை முந்தியிருந்தேன். கடல் தாண்டி வந்த கதை, சரிபார்க்க யாருமில்லை.

இந்தக் கதைதான் என்னைக் குருசாமி அண்ணனிடம் கொண்டுபோய் விட்டது.

அவர் மெக்கானிக். சிம்மக்கல்லிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் தெருவில், வெல்ல மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை அவருடையது. கல்லூரிக்குப் போக மாமு கொடுத்திருந்த சைக்கிளின் சக்கரத்தைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஆள் ஒல்லி, நாற்பது வயதிருக்கும், பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவரின் வண்டியைப் பார்ப்பார்.

"பினாங்குல மோட்டார் சைக்கிள் ஓட்டுன தம்பி நீதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூலையில் கிடந்த சாக்குகளை விலக்கிக் காட்டினார்.

அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. செத்துப்போன மூன்று வண்டிகளிலிருந்து எடுத்துச் செய்தது. எஞ்சின், மலைமேல் பள்ளத்தில் விழுந்த ஒரு தோட்டத் துரையின் வண்டியுடையது. இரும்புச் சட்டம், போலீஸார் ஏலம் விட்ட ஒரு வண்டியுடையது. சக்கரங்கள் எங்கிருந்து வந்தன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்ரோல் டேங்க் மட்டும் புதிது. பாத்திரக்காரர் ஒருவர் பித்தளையில் அடித்துக் கொடுத்திருந்தார். அதனால் ஊரில் அதற்குக் குடத்து வண்டி என்று பெயர்.

மதுரையில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த துரைமார்களும் பெரிய இடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பந்தயம் ஏற்பாடு செய்திருந்தார்கள். காளவாசலில் புறப்பட்டு உசிலம்பட்டி போய்த் திரும்ப வேண்டும். போக இருபத்துநாலு மைல், வர இருபத்துநாலு. இங்கிலீஷில் அச்சடித்த விதிகளைக் குருசாமி அண்ணன் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். அதை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படி தம்பி," என்றார்.

படித்தேன். பொழுதுபோக்குக்காக ஓட்டும் கனவான்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். கூலிக்கு யந்திர வேலை செய்கிறவர்கள் கலந்துகொள்ள முடியாது.

"அதாவது, வண்டியப் பத்தித் தெரிஞ்சவன் ஓட்டக் கூடாது."

"அப்படித்தான் தெரியுது அண்ணே."

"அப்ப நீ ஓட்டு," என்றார்.

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து வந்த முடிவு அது. நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு எதற்கு இந்தப் பந்தயம் என்பதை மறுநாள் சொன்னார். உசிலம்பட்டியில் தவசி முதலாளி என்று ஒருவர். இரண்டு பஸ் ஓட்டினார். அந்த இரண்டையும் நாலு வருஷம் பார்த்துக்கொண்டவர் குருசாமி அண்ணன்தான். போன மழைக்காலத்தில் செக்கானூரணி பக்கத்தில் ஒரு பஸ் ரோட்டை விட்டிறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் பெரிய காயமில்லை. டிரைவர் தூங்கிவிட்டான். ஆனால் முதலாளியிடம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னான். பிரேக்கைப் பார்த்தவர் யார், குருசாமி. அன்றிலிருந்து பஸ்ஸும் இல்லை, காரும் இல்லை. ஜட்காவின் அச்சாணியைக்கூட யாரும் அவரை நம்பி விடுவதில்லை.

"போன வாரம் முதலாளி வந்திருந்தாரு," என்றார். "இந்த வண்டியப் பாத்தாரு. பந்தயத்துல போயிட்டு முழுசாத் திரும்பி வரட்டும் குருசாமி, வந்துருச்சுன்னா ரெண்டு பஸ்ஸையும் மறுபடி உன்கிட்டயே விடுறேன்னாரு. நீ ஜெயிக்கணும்னு இல்ல தம்பி. முழுசா வந்தாப் போதும்."

சரி என்றேன். ஜெயிக்க வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் சற்றுக் கசந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மதியத்துக்குமேல் ஓட்டிப் பழகினேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்ததால் பாதி தூரம்தான் போனேன். பினாங்கில் தார் ரோடு. இங்கே கப்பி ரோடு. சக்கரம் ஒரு பக்கம் போக நினைக்கும், ரோடு இன்னொரு பக்கம் தள்ளும். வலது பக்கம் நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு போனால் கல்லில் ஏறுவீர்கள். எதிரே வரும் மாட்டு வண்டியில் வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், மாடுகள் நடு ரோட்டில் வரும். மாடுகளுக்கு நம்மேல் ஒரு பகையும் இல்லை, வழி விடும் எண்ணமும் இல்லை.

வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த முன் பிரேக்கைப் போல ஒரு பிரேக்கை நான் தொட்டதே இல்லை. பினாங்கில் என் அண்ணனுடைய ஆங்கில வண்டியில் பிரேக் பிடித்தால் வண்டி யோசித்துவிட்டு நிற்கும். இதில் விரல் பட்டாலே நின்றது.

சனிக்கிழமை செக்கானூரணியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தண்டோரா போட்டார்கள். நாளைக் காலையில் ஒன்பது மோட்டார் சைக்கிள் வேகமாகப் போய் வேகமாகத் திரும்பும். மதியம்வரை பஸ்ஸும் வண்டியும் ஓடாது. மனுஷரும் ஆடு மாடும் ரோட்டுக்கு வரக் கூடாது. இது சர்க்கார் உத்தரவு. பறை அடித்தவர் நகர்ந்ததும் பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு விவசாயிகள் விரல் விட்டு எண்ணினார்கள்.

"போறப்ப ஒம்பது, வாரப்ப ஒம்பது. பதினெட்டு."

"பதினெட்டு தடவையா? போதும்யா. அம்புட்டும் உதுந்துரும்."

எது உதிரும் என்று எனக்கு விளங்கவில்லை. வேடிக்கை பார்க்க வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை காளவாசலில் நல்ல கூட்டம். செங்கல் சூளைகளின் புகை ஒரு பக்கம், வண்டிகளின் புகை ஒரு பக்கம். பந்தயத்தை நடத்தியவர் மில் எஞ்சினியர் ஒருவர், உயரமான வெள்ளைக்காரர், கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்தார். தோட்டத் துரைகள் மூன்று பேர், ஒரு டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் இருவர், இன்னும் இரண்டு பேர், கடைசியில் நான். பித்தளை டேங்கைப் பார்த்துவிட்டு ஒரு தோட்டத் துரை இன்னொருவரிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இவன் திரும்பி வரும்போது அதில் தண்ணீர் எடுத்து வரச் சொல்லுங்கள்."

தவசி முதலாளியும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. குருசாமி அண்ணனை நெருங்காமல் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில் உசிலம்பட்டியிலிருந்து, ரோட்டை அடைக்குமுன் விட்ட கடைசி பஸ் வந்து நின்றது. குருசாமி அண்ணன் அதன் சக்கரத்தருகே குனிந்து, டயரில் சிக்கியிருந்த ஒரு காய்ந்த கொடியை உருவினார். அதைக் கசக்கிப் பார்த்துவிட்டு வேகமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, ரோட்ல கொள்ளு போட்டிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். அந்தப் பக்கத்தில் அறுத்த கொள்ளுக்கொடியை ரோட்டில் விரித்துப் போடுவார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறிக் காய் உடைந்து, கொள்ளு உதிர்ந்துவிடும். களத்தில் மாடு கட்டி அடிக்கிற வேலை மிச்சம். பதினெட்டு தடவை மோட்டார் வண்டி வருகிறது, அதுவும் சர்க்கார் செலவில், அதுவும் வேறு யாரும் குறுக்கே வராமல் என்றால், யார்தான் விரிக்காமல் இருப்பார்கள்.

நான் ஓடிப்போய் எஞ்சினியரிடம் சொன்னேன். "அறிவிப்பெல்லாம் செய்தாயிற்று, ரோடு காலியாகத்தான் இருக்கும்," என்றார். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குருசாமி அண்ணன் என் சட்டையைப் பிடித்துத் திருப்பினார். "நல்லாக் கேட்டுக்க. கொள்ளு மேல ஏறுனா பிரேக்கத் தொடாத. ஆக்சிலேட்டர மெதுவா விட்டுரு, வண்டி அதுவாப் போயிரும். அடியில குண்டு குண்டா உதுந்து கெடக்கும், சக்கரம் நின்னா வழுக்கிரும். பிரேக்கத் தொடாத. வெளங்குச்சா?"

விளங்கியது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக விட்டார்கள். கடைசியாக நான் புறப்பட்டேன்.

நாகமலை தாண்டியதும் ரோடு நிறம் மாறியது. ஒரு பர்லாங்கு தூரத்துக்கு முழங்கால் உயரம் கொள்ளுக்கொடி. அப்புறம் கொஞ்சம் வெறும் ரோடு. மறுபடி கொள்ளு. தண்டோராவை எழுத்துப் பிசகாமல் மதித்திருந்தார்கள். மனுஷரோ மாடோ ரோட்டில் இல்லை. எல்லாரும் ஓரத்துப் பள்ளத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒரு வண்டி கடந்ததும் பெண்கள் ஏறி வந்து கொடியைப் புரட்டிப் போட்டுவிட்டு, அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் இறங்கிக்கொண்டார்கள்.

முதலில் போனவர்கள் பட்ட பாட்டைப் போகிற வழியில் பார்த்தேன். என் டேங்கைக் கிண்டல் செய்த தோட்டத் துரை வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தில் சுற்றியிருந்ததைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். டாக்டர் மட்டும் புத்திசாலி. ரோட்டை விட்டிறங்கி வயல் ஓரமாகவே போனார்.

நான் குருசாமி அண்ணன் சொன்னபடியே செய்தேன். வேகத்தை மெதுவாக விட்டேன், பிரேக்கைத் தொடவில்லை. வண்டி ஒரு படகைப் போல அசைந்து அசைந்து கொள்ளைக் கடந்தது. உசிலம்பட்டியில் தார்ப் பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது, நேரம் குறித்துக்கொண்டிருந்த குமாஸ்தா, "தம்பி, நீங்க மூணாவது," என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் புத்தி போயிற்று. பினாங்குக் கடற்கரையில் நான் முந்தாத வெள்ளைக்காரன் நினைவுக்கு வந்தான். இன்று முந்திவிட்டால் அந்தக் கதையே உண்மையாகிவிடும் என்று தோன்றியது. கைப்பிடியை முழுக்கத் திருகினேன்.

செக்கானூரணிக்கு ஒரு மைல் முன்னால், நேரான ரோட்டில், எதிரே கொள்ளு. நான் போன வேகம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குறுக்கே யாரும் வரவில்லை. நாய்கூட வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். கை தானாகப் போய் பிரேக்கைப் பிடித்தது. பிரேக்கும் பிடித்தது. சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது, வண்டி நிற்கவில்லை. நானும் வண்டியும் தனித்தனியாகக் கொஞ்ச தூரம் போனோம்.

கண்ணைத் திறந்தபோது வாயில் கொள்ளு. முழங்கால் கிழிந்து ரத்தம். பள்ளத்திலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டிக் கேட்டார்.

"தம்பி, நாங்க ரோட்டுக்கு வரலாமா? இன்னும் வண்டி வருதா?"

வரும், ஆனா வாங்க என்றேன். இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். வண்டியையும் நிமிர்த்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கூட இருந்த அம்மா என் காலைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஓரம் இன்னும் உதிரல. இன்னொருக்கா போயிட்டு வருவீகளா?" என்று கேட்டார். அவர் ஆசையாகத்தான் கேட்டார்.

கைப்பிடி வளைந்திருந்தது. பித்தளை டேங்கில் தேங்காய் அளவுக்கு ஒரு பள்ளம். எஞ்சின் முதல் உதையிலேயே ஓடியது. கோணிய கைப்பிடியோடு மெதுவாகக் காளவாசல் வந்து சேர்ந்தேன். என்னைக் காட்டிலும் மோசமாக இரண்டு பேர் பின்னால் வந்தார்கள், ஆனால் அவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. டாக்டர்தான் முதல்.

எல்லாரும் என்னைச் சுற்றிக் கூடினார்கள். எஞ்சினியர் என் முழங்காலைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார். பரிவாகத்தான் கேட்டார். "என்ன ஆயிற்று? பிரேக் போய்விட்டதா?"

இங்கிலீஷில் கேட்டார். பதிலும் அவரே கொடுத்துவிட்டார். நான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. பின்னால் தோட்டத் துரைகள் நின்றார்கள். டாக்டர் நின்றார். மாமு கடைக்கு வந்து என் பினாங்குக் கதையைக் கேட்டவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பயந்து பிரேக்கைப் பிடித்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல நா எழவில்லை.

தலையை ஆட்டினேன்.

கூட்டத்தில் தவசி முதலாளி பக்கத்திலிருந்த ஒருவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "துரை என்ன கேட்டாரு?"

"பிரேக்குப் போச்சான்னு கேட்டாரு. ஆமான்னுட்டாப்ல."

முதலாளி குருசாமி அண்ணனைப் பார்த்தார். "சரிப்பா," என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

பஸ் டிரைவர் சொன்ன பொய் எனக்குத் தெரியும். அது குருசாமி அண்ணனை என்ன செய்தது என்பதும் தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

குருசாமி அண்ணன் வண்டியருகே வந்தார். பிரேக் பிடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு சிம்மக்கல் பக்கம் போனார்.

திங்கள்கிழமை கல்லூரிக்குப் போகாமல் கொட்டகைக்குப் போனேன். வெளிச்சம் வேண்டுமென்று வாசலில் சாக்கை விரித்து, முன் பிரேக்கை முழுக்கப் பிரித்துப் பரப்பியிருந்தார். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் கேட்டு வாங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, லைனிங்கை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் பார்த்தார். நேற்று இரவிலிருந்து சாப்பிடவில்லை என்று வெல்ல மண்டிக்காரர் சொன்னார்.

என்னைக் கண்டதும், "கால் எப்படித் தம்பி இருக்கு?" என்றார். பிறகு, "எங்க தப்பு விட்டேன்னு தெரியல. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. கம்பியும் நல்லாத்தான் இருக்கு. நாலு தடவ பாத்துட்டேன். இம்புட்டு வருசத்துல எனக்கே தெரியாம ஒரு தப்பு வந்துருச்சுன்னா, அப்ப அந்த பஸ்ஸுலயும் நான்தான் தப்பு விட்டனோ என்னமோ," என்றார்.

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் தன் கையை நம்பாமல் என் தலையாட்டலை நம்பினார். அதைத் தாங்க முடியவில்லை.

"பிரேக் போகல அண்ணே," என்றேன். "பிடிச்சுச்சு. நாந்தான் பயந்துபோய்க் கொள்ளு மேல பிடிச்சுட்டேன்."

பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"பிடிச்சுச்சா?"

"தொட்டதுமே பிடிச்சுச்சு. அதான் விழுந்தேன்."

குனிந்து சாக்கில் கிடந்தவற்றைப் பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதைச் சொல்லியாக வேண்டும். அது போனபிறகு மற்றது வந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துடைத்து பிரேக்கைப் பூட்டினார். டேங்கின் பள்ளத்தைத் தட்டி எடுக்க நேரமில்லை என்று சொல்லிக் கைப்பிடியை மட்டும் நேராக்கினார்.

"என்கிட்டச் சொல்லி என்ன தம்பி. நாளைக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போ. மொதலாளிகிட்டச் சொல்லிட்டு வா."

செவ்வாய்க்கிழமை போனேன். ரோட்டில் ஒரு கொள்ளு இல்லை. அள்ளி மூட்டை கட்டியிருந்தார்கள். உசிலம்பட்டியில் தவசி முதலாளி வீட்டு வாசலில் வேண்டுமென்றே வேகமாக வந்து, படியிலிருந்து ஒரு முழம் தள்ளி வண்டியைச் சட்டென்று நிறுத்தினேன். சத்தம் கேட்டு அவரே வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பயந்ததை, பிடித்ததை, தலையாட்டியதை, ஏன் ஆட்டினேன் என்பதை. அப்படி ஒன்றையும் ஒளிக்காமல் நான் அதற்குமுன் பேசியதில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "உக்காருங்க தம்பி," என்றார்.

"இப்பப் பாத்தீங்கள்ல, எப்படி நின்னுச்சுன்னு," என்றேன்.

"இப்ப நிக்கும். நேத்துத்தான பிரிச்சுச் சரி பண்ணியிருக்கான். நம்ம பஸ்ஸுல வந்தவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. தப்பு இல்லாட்டி எதுக்குத் தம்பி பிரிக்கணும்?"

கொள்ளுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் கேளுங்கள் என்றேன். கொள்ளுக்காரனுக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்றார். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஏழைப்பட்டவன் பொழப்பு கெட்டுரக் கூடாதுன்னு, கால் புண்ணோட இம்புட்டுத் தூரம் வந்து பழியத் தன் தலையில போட்டுக்கிறீங்க. பினாங்குல நல்லா வளத்திருக்காங்க உங்கள. ஆனா பஸ்ஸுல நாப்பது உசுரு ஏறுதுல்ல. பிரியத்துக்காக நான் அத விட முடியாது."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நாற்பது உயிர் என்று நினைக்கிற முதலாளி நல்ல முதலாளிதான். உள்ளே திரும்பி இலை போடச் சொன்னார். "பாய் அறுத்த கறிதான், தைரியமாச் சாப்பிடுங்க," என்றார். அந்த வீட்டில் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் அதையும் என் நல்ல குணத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

சிம்மக்கல் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. குருசாமி அண்ணன் வேலை ஏதுமின்றிக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை காலெல்லாம் கழுவி, சுத்தமான சட்டை போட்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"என்ன சொன்னாரு?"

"நம்பல அண்ணே. உங்களுக்காகப் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாரு."

"எல்லாத்தையும் சொன்னியா?"

"ஒண்ணு விடாமச் சொன்னேன். அரை மணி நேரம் பேசுனேன்."

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அன்னைக்கு நீ வாயே தெறக்கலயே தம்பி. தலைய மட்டுந்தான ஆட்டுன. அதுக்கு நம்பிட்டாரு. இன்னைக்கு அரை மணி நேரம் பேசியுமா நம்பல?"